ஒன்றைத் தவிர

ஒரு நட்சத்திரத்தை நான் மறைத்திருக்கிறேன். என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் நான்காம் இயலில் ஓர் அட்டவணை இருக்கிறது. அதில் 23 என்ற எண்ணுக்கு நேரே இருக்கும் நட்சத்திரம் உண்மையில் 24. உண்மையான 23 அங்கே இல்லை. எடுத்த இடம் வெளியே தெரியக் கூடாது என்று, பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் ஒவ்வோர் எண் குறைத்துப் போட்டேன். ஒரு சனிக்கிழமை பிற்பகல், ஆய்வகத்தில் யாரும் இல்லை. கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

அந்த நட்சத்திரம் இருக்குமிடத்தை யாரும் பார்க்கலாம். வைகாசி, ஆனி மாதங்களில் இரவு ஒன்பது மணிக்கு மேல் தெற்கே விருச்சிகம் எழுந்து நிற்கும். அதன் நடுவில் சிவந்து ஒளிர்வது கேட்டை. கேட்டைக்கு மேற்கே, நீட்டிய கையின் ஒரு விரல் அகலத்துக்குள், பைனாகுலரில் பார்த்தால் மங்கலாக ஒரு வெண்திட்டு தெரியும். அதுதான் எம் 4 என்னும் கோளக் கொத்து. சுமார் 6,000 ஒளியாண்டுத் தொலைவு. கோளக் கொத்துகளில் நமக்கு மிக அருகில் இருப்பவற்றில் ஒன்று. வயது ஏறத்தாழ 1,200 கோடி ஆண்டு. அதிலிருக்கும் இரும்பு, சூரியனில் இருப்பதில் பதினான்கில் ஒரு பங்குதான்.

இப்படி ஒரு கொத்தின் நட்சத்திரங்கள் எல்லாம் ஒரே மேகத்தில் ஒரே நேரத்தில் பிறந்தவை, ஆகவே ஒரே சேர்மானம் கொண்டவை என்று நெடுநாள் நம்பினார்கள். அது சரியில்லை என்று 1970களின் கடைசியிலேயே சந்தேகம் வந்துவிட்டது. இரும்பு ஒரே அளவில் இருக்க, சில நட்சத்திரங்களில் சோடியம் குறைந்தும் ஆக்சிஜன் மிகுந்தும் இருந்தது. வேறு சிலவற்றில் நேர்மாறாக. 2009இல் காரெட்டா குழுவினர் சிலியிலுள்ள பெரும் தொலைநோக்கியைக் கொண்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட செம்பெருமீன்களை அளந்து, கொத்துக்குக் கொத்து இதே கதைதான் என்று காட்டினார்கள். ஒரே வீட்டில் இரண்டு தலைமுறை குடியிருப்பது போல, ஒரு கொத்துக்குள் இரண்டு கூட்டம்.

நான் அளந்தவை முதுமை அடைந்த நட்சத்திரங்கள். மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்ததும் ஒரு நட்சத்திரம் ஊதிப் பெருத்துச் சிவந்து, ஒளியில் மேலே ஏறும். அது முதல் ஏற்றம். பிறகு மையத்தில் ஹீலியம் பற்றிக்கொள்ளும், நட்சத்திரம் சுருங்கி இறங்கி அமைதியாக எரியும். அந்த ஹீலியமும் தீர்ந்த பின் மறுபடி ஒருமுறை ஏறும். இந்த இரண்டாம் ஏற்றத்தில் இருப்பவற்றை எங்கள் ஆய்வகப் பேச்சில் ஏஜிபி என்போம். எண்ணிக்கையில் இவை மிகக் குறைவு. அந்த ஏற்றத்தில் ஒரு நட்சத்திரம் தங்கும் காலம் குறுகியது, ஆகவே ஒரு கொத்தில் அளக்கத் தகுந்தவையாகப் பத்துப் பதினைந்து கிடைத்தால் பெரிது. ஒன்றை எடுத்துவிட்டால் அது ஒரு கைப்பிடி அரிசியில் ஒரு மணியை எடுப்பதாகாது, பத்துப் பேர் சாட்சி சொல்லும் வழக்கில் ஒருவரைக் கூண்டேற விடாமல் வாசலிலேயே நிறுத்துவதாகும்.

2013இல் கேம்பல் குழுவினரின் கட்டுரை நேச்சர் இதழில் வந்தது. என்ஜிசி 6752 என்ற கொத்தில் அவர்கள் 20 ஏஜிபி நட்சத்திரங்களை அளந்தார்கள். இருபதும் சோடியம் குறைந்தவை. முதல் ஏற்றத்தில் பெரும்பான்மையாக இருந்த சோடியம் மிகுந்த கூட்டம் இரண்டாம் ஏற்றத்துக்கு வரவே இல்லை என்று பொருள். அந்தக் கட்டுரையை நான் ஒரே மூச்சில் படித்தேன். அப்போது என் கையில் எம் 4இன் நிறமாலைகள் இருந்தன. யாரும் இறக்கிக்கொள்ளக்கூடிய திறந்த களஞ்சியத்திலிருந்து எடுத்தவை. அன்றிரவே குறிப்பேட்டில் ஒரு வரி எழுதினேன்: எம் 4இன் ஏஜிபி நட்சத்திரங்களில் சோடியம் மிகுந்தது ஒன்றுகூட இல்லை.

எழுதியபோது நான் ஒரு நட்சத்திரத்தையும் அளந்திருக்கவில்லை.

அந்த வரி அழகாக இருந்தது. 'ஒன்றுகூட' என்ற சொல் என்னை மயக்கியது. எம் 4 விஷயத்தில் அது இன்னும் பெரிய செய்தி. என்ஜிசி 6752இல் சோடியம் மிகுந்தவற்றில் ஒரு பகுதி ஹீலியம் எரியும் கட்டத்தில் மிகமிக வெப்பமாகி, ஏறாமலே ஓய்ந்துபோகும் என்று கோட்பாடு ஒப்புக்கொள்கிறது. எம் 4இல் அவ்வளவு வெப்பமானவை கிடையாது. அங்கே எல்லாம் ஏறித்தான் ஆகவேண்டும். அங்கேயும் ஏறவில்லை என்றால் கோட்பாட்டையே திருப்பிப் பார்க்க வேண்டிவரும். முதல் எட்டு நட்சத்திரங்களை அளந்து முடித்ததும் வாரக் கூட்டத்தில் அந்த வரியைச் சொல்லிவிட்டேன். எட்டும் சோடியம் குறைந்தவையாகவே வந்திருந்தன. எல்லாரும் மகிழ்ந்தார்கள். என் வழிகாட்டி கேட்டது ஒன்றே ஒன்று: "மிச்சம் மூணும் முடிஞ்சப்புறம் பேசலாமா?" அவர் சரியாகத்தான் கேட்டார். எனக்குத்தான் காதில் ஏறவில்லை.

ஒரு நட்சத்திரத்தின் வெப்பநிலையை எப்படி அளக்கிறோம் என்பதைச் சொல்லாமல் நான் செய்ததைச் சொல்ல முடியாது. முக்கியமாக இரண்டு வழி உண்டு. முதலாவது நிறம். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எவ்வளவு பிரகாசம், அகச்சிவப்பில் எவ்வளவு என்று ஒப்பிட்டால், இரண்டின் வித்தியாசம் வெப்பநிலையைச் சொல்லும். அலோன்சோவும் உடனிருந்தவர்களும் 1999இல் பெருமீன்களுக்கென்று கொடுத்த சூத்திரங்களைத்தான் எங்கள் தலைமுறை மாணவர்கள் மனப்பாடமாக வைத்திருந்தோம். இரண்டாவது வழி இரும்பு. நட்சத்திரத்தின் நிறமாலையில் இரும்பு அணு உண்டாக்கும் கருங்கோடுகள் பல டஜன் இருக்கும். சில கோடுகள் குறைந்த ஆற்றல் நிலையிலிருக்கும் அணுக்களால் வருபவை, சில உயர்ந்த நிலையிலிருப்பவற்றால். வெப்பநிலையைத் தப்பாக வைத்துக் கணக்குப் போட்டால் இந்த இரண்டு வகையும் வெவ்வேறு இரும்பு அளவைச் சொல்லும். இரண்டும் ஒத்துப்போகும் வரை வெப்பநிலையை ஏற்றி இறக்குவோம். இதற்கு மேல், எலக்ட்ரானை இழந்த இரும்பின் கோடுகள் தனியாக ஒரு சாட்சி. எந்த வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் எத்தனை பங்கு அணு எலக்ட்ரானை இழக்கும் என்பதற்கு மேகநாத் சாகா 1920இல் தந்த சமன்பாடுதான் இன்றும் எங்கள் நிரல்களுக்குள் ஓடுகிறது.

இரண்டு வழியும் ஒரே விடை தரவேண்டும். எப்போதும் தருவதில்லை. முச்சியரெல்லியும் போனிஃபாச்சோவும் 2020இல் 16 கொத்துகளை எடுத்துப் பார்த்ததில், உலோகம் மிகக் குறைந்தவற்றில் இரண்டு வழிக்கும் இடையே 300 கெல்வினுக்கும் மேல் இடைவெளி இருந்தது. எம் 4இல் வேறொரு தொல்லை சேர்ந்துகொள்கிறது. கேட்டையைச் சுற்றிப் பரவிக்கிடக்கும் தூசு மேகங்களின் பின்னாலிருந்துதான் அதன் ஒளி வருகிறது. தூசு நீலத்தைத் தின்று நட்சத்திரத்தைச் சிவப்பாகக் காட்டும். அதுவும் கொத்து முழுக்க ஒரே அளவாக இல்லை, ஓரத்துக்கு ஓரம் மாறுகிறது. இந்தச் சிவப்பேற்றத்தை நாங்கள் கணித்துக் கழிக்கிறோம். அந்தக் கணிப்பில் 0.05 மாற்றினால் போதும், நட்சத்திரத்தின் வெப்பநிலை ஏறத்தாழ 100 கெல்வின் நகர்ந்துவிடும். 0.05 என்பது யாரும் குறைசொல்ல முடியாத அளவு. நல்ல ஆய்வாளர்களே அந்த அளவுக்கு வேறுபடுவார்கள். எனக்கு வாசல் திறந்தது அங்கேதான்.

23ஆம் நட்சத்திரம் ஏஜிபி வரிசையில் பதினொன்றாவது, கடைசி. நிறமாலை நன்றாக இருந்தது, இரைச்சல் குறைவு. 5,682, 5,688 ஆங்ஸ்ட்ராமில் இருக்கும் இரட்டைச் சோடியக் கோடுகளைத் திரையில் பார்த்த உடனே வயிற்றில் ஏதோ இறங்கியது. கணக்கே போட வேண்டாம், கண்ணுக்கே தெரிந்தது. பக்கத்திலிருந்த இரும்புக் கோடுகளைவிட ஆழமாக, திடமாக நின்றன. கணக்குப் போட்டேன். சோடியம் மிகுந்த கூட்டத்தின் நடுவில் போய் உட்கார்ந்தது.

முதலில் கோடுகளை மறுபடி அளந்தேன். அது சரியான செயல்தான். அதே விடை. பிறகு வெப்பநிலையைப் பார்த்தேன். நிறம் சொன்னதும் இரும்புக் கோடுகள் சொன்னதும் இருபது கெல்வினுக்குள் ஒத்துப்போயின. மற்ற பத்தில் எதுவும் இவ்வளவு நன்றாக ஒத்துப்போகவில்லை. அங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. இந்த நட்சத்திரம் இருக்கும் மூலையில் தூசு கொஞ்சம் குறைவாக இருக்கலாமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி இருக்கலாம் என்பதற்கு ஆதாரம் தேடிப் போகவில்லை, இருக்கலாம் என்ற ஒரு சொல்லே போதுமாக இருந்தது. சிவப்பேற்றத்தைக் குறைத்தேன். வெப்பநிலை 90 கெல்வின் இறங்கியது. மற்ற பத்துக்கும் பழைய கணிப்பையே வைத்துக்கொண்டேன்.

சோடியம் குறைந்தது. ஆனால் இரும்பும் கூடவே குறைந்தது, ஏனென்றால் வெப்பநிலைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி அசைபவை. நாங்கள் பார்ப்பது இரும்போடு ஒப்பிட்ட சோடிய விகிதம். அது இருந்த இடத்திலேயே இருந்தது. நான் செய்த திருட்டுத்தனம் எனக்கு உதவவே இல்லை. இந்த இடத்தில் ஒரு நாணயமான மாணவி பயந்து விலகியிருப்பாள். நானோ வேறொன்றைக் கண்டுகொண்டேன். வெப்பநிலையை இறக்கியதால் அந்த நட்சத்திரத்தின் இரும்பு, கொத்தின் பொது அளவைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துபோயிருந்தது. மற்ற பத்துக்கும்கூடச் சற்றுக் குறைவாகத்தான் வந்தது. ஏஜிபி நட்சத்திரங்களில் இப்படி வருவதுண்டு, எம் 5 கொத்தில் 2001இலேயே பார்த்திருக்கிறார்கள். ஆனால் 23 மட்டும் தனியாகக் கீழே கிடந்தது. இரும்பு ஒத்துவரவில்லையே, இது இந்தக் கொத்தைச் சேர்ந்ததுதானா என்று கேட்டுக்கொண்டேன். சேர்ந்தது இல்லை என்று பதிலும் சொல்லிக்கொண்டேன். அந்த வேறுபாட்டில் பாதியை உண்டாக்கியதே நான்தான்.

மறுத்துப் பேச இரண்டு சாட்சிகள் அப்போதே இருந்தன. எலக்ட்ரானை இழந்த இரும்பின் கோடுகள் வெப்பநிலையை இறக்கியதும் எதிர்த் திசையில் நகர்ந்தன. இரண்டு வகை இரும்புக்கும் இடையே விரிசல் பெரிதானது. வெப்பநிலை தப்பு என்பதை ஒரு நிறமாலை இதைவிடச் சத்தமாகச் சொல்ல முடியாது. அந்த வகைக் கோடுகள் எண்ணிக்கையில் குறைவு, நம்ப வேண்டாம் என்று தள்ளினேன். மற்ற பத்துக்கும் அதே சில கோடுகளை நம்பியிருந்தேன். இரண்டாவது சாட்சி திசைவேகம். எம் 4 நம்மைவிட்டு விநாடிக்கு சுமார் 71 கிலோமீட்டர் வேகத்தில் விலகிப்போகிறது. அந்தத் திசையில் முன்னும் பின்னும் தற்செயலாக நிற்கும் நட்சத்திரங்களில் பெரும்பாலானவை அந்த வேகத்துக்குப் பக்கத்தில்கூட வருவதில்லை. 23இன் வேகம் என் குறிப்பேட்டில் என் கையாலேயே எழுதியிருந்தது. கொத்தின் வேகத்தோடு அச்சாகப் பொருந்தியது.

பிறகுதான் அந்தச் சனிக்கிழமை. உதவித்தொகை முடிய ஐந்து மாதம் இருந்தது. அதை நான் காரணமாகச் சொல்ல விரும்பவில்லை. 'ஒன்றைத் தவிர' என்று எழுதியிருந்தாலும் பட்டம் கிடைத்திருக்கும், கட்டுரை வந்திருக்கும். கூட்டத்தில் சொல்லிவிட்ட ஒரு வரியைத் திரும்பப் பெற எனக்கு மனமில்லை. அவ்வளவுதான். ஓர் அடிக்குறிப்பு போட்டிருக்கலாம்: இந்த நட்சத்திரம் ஐயத்துக்குரியது, ஆகவே நீக்கப்பட்டது என்று. தவறான முடிவாக இருந்தாலும் அது வெளிச்சத்தில் எடுத்த முடிவாக இருந்திருக்கும், யாராவது திருத்தியிருப்பார்கள். எண்களை மாற்றிப் போட்ட அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வெப்பநிலையை இறக்கியபோது என்னை நான் ஏமாற்றிக்கொண்டேன் என்று சொல்லலாம். 24ஐ 23 ஆக்கியபோது பிறரை ஏமாற்றினேன்.

வாய்மொழித் தேர்வில் யாரும் கேட்கவில்லை. 2015இல் என்ஜிசி 3201 பற்றி முச்சியரெல்லி குழுவினர் எழுதிய கட்டுரை வந்தபோது எனக்குக் கை சில்லிட்டது. இரண்டு ஆண்டுக்கு முன் வேறொரு குழு அந்தக் கொத்தில் இரும்பு நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் மாறுகிறது என்று அறிவித்திருந்தது. இவர்கள் அதே நட்சத்திரங்களை எடுத்து, நட்சத்திரப் பரப்பின் ஈர்ப்பைக் கோடுகளிலிருந்து எடுக்காமல் ஒளியளவிலிருந்து எடுத்து, எலக்ட்ரான் இழந்த இரும்பைக் கொண்டு அளந்தார்கள். மாறுதல் காணாமல் போனது. குறைவாகக் காட்டியவற்றில் பல ஏஜிபி நட்சத்திரங்கள் என்று தெரிந்தது. முதலில் அளந்தவர்கள் எதையும் ஒளிக்கவில்லை. என்ன செய்தோம் என்று எண் எண்ணாக வைத்திருந்தார்கள், அதனால்தான் இன்னொருவர் வந்து திருப்பிப் பார்க்க முடிந்தது. என் இயலை எடுத்து அப்படித் திருப்பிப் பார்க்க யாராலும் முடியாது.

அதற்கடுத்து எம் 4 பற்றியே சர்ச்சை எழுந்தது. 2016இல் மெக்லீன் குழுவினர், அங்கே ஏஜிபி நட்சத்திரங்கள் பெரும்பாலும் சோடியம் குறைந்தவை என்றார்கள். 2017இல் மரினோ குழுவினர் இரண்டு கூட்டமும் ஏஜிபியில் இருக்கின்றன என்றார்கள். 2018இல் மெக்லீன் குழு வெப்பநிலையை எந்த வழியில் எடுத்தால் விடை எப்படி மாறுகிறது என்றெல்லாம் சோதித்து மறுபடி எழுதியது. ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் இரு தரப்பும் வாதாடின. அந்தக் கட்டுரைகளைப் படித்தபடி நான் சும்மா இருந்தேன். என் அலமாரியில் ஒரு சாட்சி இருந்தது.

அதே 2018 ஏப்ரலில் கையா விண்கலத்தின் இரண்டாம் தரவுத் தொகுப்பு வெளியானது. எம் 4 வானத்தில் ஆண்டுக்கு 20 மில்லி வில்விநாடிக்கும் மேல் நகர்கிறது, பின்புல நட்சத்திரங்களிலிருந்து அதை எளிதாகப் பிரித்துவிடலாம். ஒரு நள்ளிரவில் 23இன் ஆயத்தொலைவுகளை இட்டுத் தேடினேன். கொத்தோடு கொத்தாக நகர்ந்துகொண்டிருந்தது. ஐயம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு மிச்சம் இருந்த துண்டு இடமும் போனது. திரையை மூடிவிட்டுப் படுக்கப் போனேன்.

இவ்வளவையும்விட எனக்குக் கனமாக இருப்பது அடுத்த ஆண்டு நடந்தது. எங்களிடம் புதிதாகச் சேர்ந்த மாணவன் ஒருவன் அதே நட்சத்திரங்களில் அலுமினியம் அளக்க ஆரம்பித்தான். பட்டியலை என்னிடம் வாங்கிக்கொண்டாலும் மூலத் தரவைக் களஞ்சியத்திலிருந்து தானே இறக்கினான். ஒருநாள் மடிக்கணினியோடு வந்து நின்றான்.

"அக்கா, இந்தத் தரவுல ஒரு நட்சத்திரம் இருக்கு. உங்க அட்டவணையில காணோமே?"

"அது கொத்தைச் சேர்ந்தது இல்ல தம்பி. முன்னால நிக்கிற நட்சத்திரம். விட்டுடு."

"சரிக்கா."

அவ்வளவுதான் பேச்சு. யோசிக்க நேரம் எடுக்காமல் சொன்னேன். திசைவேகத்தை ஒருமுறை அவன் அளந்திருந்தால் நான் சொன்னது பொய் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். அளக்கவில்லை, ஏனென்றால் சொன்னது நான். இரண்டு ஆண்டு கழித்து அவன் கருத்தரங்கில் பேசினான். பத்து ஏஜிபி நட்சத்திரங்கள், அலுமினியம் மிகுந்தது ஒன்றுகூட இல்லை என்றான். என் சொல் அவன் வாயில். முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன்.

அவனிடம் பொய் சொன்ன அதே பருவத்தில் வகுப்பில் சிசிலியா பெய்ன் பற்றிப் பாடம் எடுத்தேன். சாகாவின் சமன்பாட்டைக் கையிலெடுத்து, நட்சத்திரங்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனால் ஆனவை என்று 1925இல் 25 வயதில் கண்டுபிடித்தவர் அவர். அது நடக்காத காரியம் என்று ஹென்றி நாரிஸ் ரசல் சொன்னதால், தன் ஆய்வேட்டிலேயே அந்த விடை உண்மையாக இருக்க முடியாது என்று எழுதும்படி ஆயிற்று. நான்கு ஆண்டு கழித்து ரசலே அவர் கண்டது சரி என்ற முடிவுக்கு வந்தார். இதைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் எனக்குக் குரல் உயரும். அந்த ஆண்டும் உயர்ந்தது. பெய்ன் தான் நம்பாததை எழுதினார், ஆனாலும் தான் அளந்த எண்ணை அட்டவணையில் வைத்துவிட்டுத்தான் எழுதினார். யார் வேண்டுமானாலும் பிறகு எடுத்துப் பார்க்க அது அங்கே இருந்தது. என்னை யாரும் வற்புறுத்தவில்லை. நான் எண்ணையே எடுத்துவிட்டேன்.

போன மாதம் என் பழைய வழிகாட்டிக்கு எல்லாவற்றையும் எழுதினேன். பல்கலைக்கழகத்துக்கும் எழுதியிருக்கிறேன். திருத்தம் சேர்ப்பதா, வேறு நடவடிக்கையா என்பது அவர்கள் முடிவு. அந்த மாணவனுக்கு எழுதத்தான் நாள் பிடித்தது. அவன் இப்போது வேறு நாட்டில் வேறு கொத்துகளைப் பார்க்கிறான். நடந்ததை நடந்தபடி எழுதினேன். அவன் முடிவு தப்பாகப் போனதற்கு நான் காரணம் என்றும், அதை அவன் விரும்பும் இடத்தில் விரும்பும் விதத்தில் என் பெயரோடு சொல்லலாம் என்றும் எழுதினேன்.

மூன்று நாள் பதில் இல்லை. நான்காம் நாள் வந்தது.

"ஸ்பெக்ட்ரத்தை மட்டும் அனுப்புங்க அக்கா. நான் முதல்லேர்ந்து அளக்கிறேன். நீங்க என்ன வெப்பநிலை வெச்சீங்கன்னு சொல்லாதீங்க."

அனுப்பினேன். வெப்பநிலையை எழுதவில்லை. இந்தக் கட்டுரையிலும் அந்த எண் எங்கும் இல்லை.